பேக்கப் ஓடியிருக்கிறது, கோப்பைக் காணோம்: அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது

பேக்கப் கெட்டுப்போவது இரண்டு விதம். ஒன்று, திரையில் பெட்டி போட்டுக் கத்தும். இன்னொன்று மாதக்கணக்கில் வாயே திறக்காது. ஹார்ட் டிஸ்க் போன அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வரும். கத்துகிற பிழை பெரும்பாலும் பத்து நிமிட வேலை. அவற்றை முதலில் வேகமாக முடித்துவிட்டு, கத்தாதவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். "எனக்கு எந்த அறிகுறியும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்பவர்கள் "ஒரு தொந்தரவும் இல்லை" என்ற தலைப்பில் ஆரம்பியுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு கேள்வி. இப்போது ஆபத்தில் இருப்பது பேக்கப் டிஸ்க்கா, கணினியின் சொந்த டிஸ்க்கா? சொந்த டிஸ்க்கே டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால், "கணினியின் டிஸ்க்கே தடுமாறுகிறது" பகுதிக்குத் தாவிவிடுங்கள். இரண்டில் எதுவானாலும், பழைய பேக்கப்பை அழித்து இடம் பண்ணிப் புதியது எடுக்கும் வேலை வேண்டாம். புதியது முழுதாக வந்து, திறந்தும் பார்த்த பிறகு பழையதில் கை வைக்கலாம்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினால் தெரியவில்லை, அல்லது வந்து வந்து போகிறது

கேபிளை மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம், பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்கள் இருக்கின்றன. அவற்றில் டிஸ்க்கின் விளக்கு எரியும், தகவல் போகாது.

அடுத்தது மின்சாரம். சட்டைப்பை அளவு 2.5 அங்குல டிஸ்க்குகள் யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கின்றன. யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 துளை 900 தரும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் கீபோர்டு, மவுஸ், டிஸ்க் மூன்றையும் செருகினால் இந்த அளவைத்தான் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது தேவை அதிகம். போதாவிட்டால் க்ளிக் என்று சத்தம் போட்டு அணைந்துவிடும். ஹப்பை விட்டுக் கணினியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

அப்படியும் தெரியவில்லையென்றால் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட், மேக்கில் டிஸ்க் யுடிலிட்டி. அங்கே டிஸ்க் தெரிந்து, விண்டோஸ் டிஸ்க்குக்குக் கொடுக்கும் டிரைவ் எழுத்து (D:, E: மாதிரி) மட்டும் இல்லையென்றால் எழுத்தைக் கொடுத்தால் போதும். "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினாலும் இதே கேள்வி வரும். டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆம் என்று அழுத்தினால்தான் போகும்.

நேற்றுவரை ஓடிய பேக்கப் இன்று "சேருமிடம் இல்லை" என்றால் டிரைவ் எழுத்து மாறியிருக்கும். இடையில் ஒரு பென்டிரைவைச் செருகி, அது பழைய எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பேக்கப் டிஸ்க்குக்கு ஆங்கில அகர வரிசையின் கடைசியில் ஓர் எழுத்தைக் கையால் கொடுத்துவிடுங்கள். அங்கே யாரும் போட்டிக்கு வருவதில்லை.

இடம் இருக்கிறது, ஆனால் பெரிய கோப்பு மட்டும் ஏறவில்லை

டிஸ்க்கில் 200 ஜி.பி. காலி. 6 ஜி.பி. வீடியோ ஒன்று மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது. விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால், 'கன்வெர்ட்' கட்டளை உள்ளே இருப்பதை அழிக்காமலே விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பாக ஆக்கிவிடும். மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். இதற்கு ஃபார்மட் செய்தாக வேண்டும், உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது, அதாவது பாதியில் நின்ற எழுதும் வேலையைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது. 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.

மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் தனக்கென்று டிஸ்க்கை அழித்து ஃபார்மட் செய்யக் கேட்கும். அந்த டிஸ்க்கில் வேறு எதுவும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சரி சொல்லுங்கள்.

காப்பி பாதியில் நிற்கிறது, அல்லது ஒரே கோப்பில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது

எந்தக் கோப்பில் நிற்கிறது என்று பாருங்கள். அது மின்னஞ்சல் மென்பொருளின் தரவுக்கோப்பு, கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், மெய்நிகர் கணினியின் டிஸ்க் என்றால் அது திறந்த நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது. மென்பொருளை மூடிவிட்டு ஓடவிடுங்கள். நல்ல பேக்கப் மென்பொருள்கள் விண்டோஸின் 'ஷேடோ காப்பி' வசதியைக் கொண்டு திறந்த கோப்பையும் எடுத்துவிடும். சாதாரண காப்பி-பேஸ்டுக்கு அது தெரியாது.

விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரு கோப்பை அது 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே கோப்புக்கு 347 நாள். மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 விநாடி என்று கட்டளையிலேயே எழுதிவிடுங்கள்.

பாதை நீளமாகிவிட்டதும் காரணமாக இருக்கும். விண்டோஸில் பல மென்பொருள்கள் டிரைவ் எழுத்து முதல் கோப்புப் பெயர் முடிய 260 எழுத்துக்கு மேல் தாங்குவதில்லை. பேக்கப் எடுக்கும்போது 'பழைய லேப்டாப் முழு பேக்கப் புதியது' என்ற மாதிரி ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் போடுகிறோம். அதுவரை எல்லைக்குள் இருந்த பாதை அங்கே எல்லை தாண்டிவிடுகிறது. மேல் ஃபோல்டரின் பெயரைச் சுருக்கினாலே சரியாகிவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு லினக்ஸ் பக்கம் இன்னொரு சுவர் உண்டு. அங்கே ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரை இடம். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி, பதினைந்து பைட். ஆக 85 குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். விண்டோஸில் நிம்மதியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர், வீட்டுச் சர்வருக்குப் போகும்போது மட்டும் மறுக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

ஆமை வேகம்

துளையைப் பாருங்கள். யூ.எஸ்.பி. 2.0-இல் காகிதக் கணக்கு விநாடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 35 எம்.பி. வந்தால் பெரிது. அந்த வேகத்தில் 500 ஜி.பி. ஏற நான்கு மணி நேரம் ஆகும், டிஸ்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை. உள்ளே நீலமாக இருக்கும் துளை பெரும்பாலும் 3.0.

சரியான துளையிலும் ஊர்கிறதென்றால் கோப்புகள் சிறியவையாக இருக்கும். ஒரு ஜி.பி. வீடியோ ஒன்றைவிட, ஒரு ஜி.பி. அளவுக்கான லட்சம் சின்னக் கோப்புகள் பல மடங்கு நேரம் எடுக்கும். முதல் பேக்கப்பை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். அடுத்தடுத்தவை மாறியதை மட்டும் எடுக்கும்.

எடுக்க வேண்டும். ஆனால்,

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கிறது

மாறாத கோப்பையும் மாறியதாகக் கணினி நினைக்கிறது. காப்பி மென்பொருள்கள் பொதுவாகக் கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கின்றன. ஃபேட் அமைப்பு நேரத்தை இரண்டு விநாடித் துல்லியத்தில் மட்டுமே குறித்துவைக்கும், என்.டி.எஃப்.எஸ். அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக வைக்கும். ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ரோபோகாப்பியில் 'எஃப்.எஃப்.டி.' என்ற தேர்வு இந்த இரண்டு விநாடியை மன்னிக்கச் சொல்கிறது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளும் நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை இதே கூத்து நடக்கும், அதற்கு 'டி.எஸ்.டி.' தேர்வு.

இன்னொரு வகை இதைவிட வேடிக்கை. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் தெரிகின்றன, அல்லது சில கோப்புகள் மட்டும் எப்போதும் புதிதாக ஏறுகின்றன. உற்றுப் பாருங்கள்: 'படம்', 'கதை' எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? 'தோட்டம்', 'கொலு', 'கோடை' மட்டும் இரட்டையாக இருக்கிறதா? யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம். அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு பெயர். மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் அமைப்பு எப்போதும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் போய்வரும் கோப்புகளில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் உள்ள பெயர்கள் மட்டும் இப்படி இரட்டைப் பிறவி எடுக்கும். லினக்ஸ், மேக் பக்கம் பயன்படும் காப்பிக் கட்டளையான ஆர்சிங்க்கின் மூன்றாம் பதிப்பில் 'ஐகான்வ்' தேர்வு பெயர்களை மாற்றிக் கொடுக்கிறது. அது பிடிபடாதவர்கள், பேக்கப் எடுக்கும் ஃபோல்டர்களுக்காவது ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிடலாம். எனக்கு மனசு வராது என்றாலும் அதுதான் எளிது.

ஒரு தொந்தரவும் இல்லை

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

பேக்கப் டிஸ்க்கைத் திறந்து, கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி, மிகப் புதியது எந்தத் தேதி என்று பாருங்கள். மென்பொருள் காட்டும் பச்சை டிக்கைப் பார்க்க வேண்டாம்; கோப்பைப் பாருங்கள்.

ஒரு முறை நான் இப்படிப் பார்த்தபோது மிகப் புதிய கோப்புக்கு ஐந்து மாத வயது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஓடும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நானே எழுதி வைத்த வேலை அது. எழுதிய காலத்தில் லேப்டாப் மேசையில் எப்போதும் சார்ஜரோடு இருந்தது. பிறகு நான் மாலையில் கட்டிலுக்கு மாறினேன், சார்ஜர் மேசையிலேயே இருந்தது. டாஸ்க் ஷெட்யூலரில் "மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு" என்ற பெட்டி முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். பேட்டரியில் இருந்தால் வேலை தொடங்காது. அதைப் பிழையாகவும் அது கருதாது. நிபந்தனை பொருந்தவில்லை, அவ்வளவுதான். டிஸ்க் என்னவோ மேசையில் நல்லபிள்ளையாகவே இருந்தது.

அதனால் வேலையின் 'கண்டிஷன்ஸ்' பகுதியில் அந்த டிக்கை எடுங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் "நேரம் தவறினால் முடிந்த விரைவில் ஓட்டு" என்பதை டிக் செய்யுங்கள். இது முன்கூட்டியே இருக்காது. ஒன்பது மணிக்குக் கணினி அணைந்திருந்தால், இந்த டிக் இல்லாமல் அன்றைய பேக்கப் அப்படியே போய்விடும்.

தேதி பழையதாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. டிஸ்க் நிரம்பியிருக்கலாம். கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருப்பீர்கள், வேலைக்குள் பழையது இருக்கும். வீட்டு நெட்வொர்க் டிஸ்க்கின் கடவுச்சொல்லுக்கும் இதே கதை.

"பிழை வந்தால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன்" என்பவர்களுக்கு 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் எடுக்கும் நிரலும் தரவுத்தளமும் வெவ்வேறு பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதும் மெயில் போனது, ஆனால் அந்த மெயிலைச் சரிபார்ப்பில் தேறாதது என்று பெறும் பக்கம் தள்ளிவிட்டது. யாரோ வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள், அது பெரிய விஷயம். நம் அளவில் இதற்கு மாற்று: பிழை வந்தால் மெயில் என்று வைக்காமல், முடிந்தால் மெயில் என்று வையுங்கள். வராத அன்றைக்குச் சந்தேகப்படலாம்.

பேக்கப் சந்தேகப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கிறது

தேதி சரியாக இருந்தால் அடுத்து அளவு. மூல ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் இருக்கும், பேக்கப்பிலும் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று.

முதலாவது, கிளவுடில் மட்டும் இருக்கும் கோப்புகள். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேமிப்புகள் இடத்தை மிச்சம் பிடிக்க, கணினியில் பெயரை மட்டும் வைத்துவிட்டு உள்ளடக்கத்தைக் கிளவுடில் வைத்துக்கொள்ளும். கோப்புக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அந்த வகை. சில பேக்கப் மென்பொருள்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடும். முக்கியமான ஃபோல்டரில் வலது க்ளிக் செய்து "எப்போதும் இந்தக் கணினியில் வை" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, இடம் மாறிய ஃபோல்டர். ஒன்டிரைவின் பாதுகாப்பு வசதிக்கு ஒரு நாள் சரி சொன்னீர்கள் என்றால் டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்ந்துவிடும். கணினியில் உட்காருபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பழைய பாதையை எழுதி வைத்திருக்கும் உங்கள் பேக்கப் நிரல் மட்டும், காலியான பழைய ஃபோல்டரை ஒவ்வொரு இரவும் கடமை தவறாமல் காப்பி செய்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, மறைந்திருப்பவை. பிரவுசரின் புக்மார்க், மின்னஞ்சல் கோப்பு, மென்பொருள்களின் அமைப்புகள் எல்லாம் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கின்றன. டாகுமென்ட்ஸை மட்டும் எடுத்தால் இவை வராது. முழு ஆப்டேட்டாவையும் எடுத்தால் தற்காலிகக் குப்பை ஏராளமாக வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அளவைப் பற்றி ஒரு சின்னச் சமாதானம்: 1 டி.பி. டிஸ்க்கில் 931 ஜி.பி. மட்டும் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

இங்கே அழித்தேன், அங்கேயும் போய்விட்டது

இரண்டு இடத்தில் உள்ள கோப்புகளை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க் என்பது கண்ணாடி. இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும், இந்தப் பக்கம் கெட்டுப்போனால் அந்தப் பக்கமும் கெட்டதே போய்ச் சேரும். உடனே இணையத்தில் நுழைந்து குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகுள் டிரைவிலும், தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் 30 நாள் இருக்கும். அழியாமல் கெட்டுமட்டும் போயிருந்தால், கோப்பின் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய வடிவம் கிடைக்கலாம்.

ரோபோகாப்பியின் 'மிர்' தேர்வும், ஆர்சிங்க்கின் 'டிலீட்' தேர்வும் இதே கண்ணாடிகள்தான். மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து நீக்கிவிடும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், காலி டிஸ்க்கைப் பார்த்து உங்கள் கோப்புகளை அழித்து 'சமன்' செய்யும். இரண்டிலும் ஒத்திகைத் தேர்வு உண்டு: ரோபோகாப்பியில் 'எல்', ஆர்சிங்க்கில் 'என்'. எதை அழிக்கப் போகிறது என்ற பட்டியலைப் படித்துவிட்டு அப்புறம் நிஜமாக ஓட்டுங்கள்.

பழைய பதிப்புகளைத் தானே வைத்துக்கொள்ளும் வசதி கணினியிலேயே இருக்கும்போது கண்ணாடியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி மாறிய கோப்புகளை மணிக்கொரு முறை எடுத்து வைக்கிறது. மேக்கின் டைம் மெஷின் கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்பு வாரத்துக்கொன்று என்று வைத்துக்கொண்டு, டிஸ்க் நிரம்பும்போது பழையதைக் கழிக்கிறது.

கோப்பின் பெயர் நீட்டம் மாறி எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது என்றால் அது மீட்புப் பண வைரஸ். பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் உடனே பிடுங்குங்கள். இந்த ஒரு சமயத்தில் 'எஜெக்ட்' மரியாதை வேண்டாம். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, இணைத்திருந்த டிஸ்க்குகளையும் பூட்டியது, விண்டோஸின் ஷேடோ காப்பிகளையும் அழித்தது. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்குக்கு இதில் தப்பிக்க வழியில்லை. மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 கணக்கில் கடைசி ஒன்று இதற்காகத்தான்.

கோப்பு வந்துவிட்டது, திறக்கவில்லை

"அனுமதி இல்லை" என்றால் கோப்புக்குப் பழைய கணினியின் பயனர் சொந்தக்காரராக இருக்கிறார். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கோப்பின் மேல் பூட்டுப் படம் இருந்து, பழைய கணினியில் 'என்கிரிப்ட்' செய்திருந்தால் இது போதாது. அந்தக் கணினியின் சான்றிதழ் வேண்டும்.

டிஸ்க் முழுவதும் பூட்டியிருந்தால், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமிப்பாகியிருக்கும். அந்த எண்ணைக் கோப்பாக எழுதி அதே டிஸ்க்கில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. காகிதத்தில் எழுதுங்கள்.

பழைய தமிழ் ஆவணம் திறக்கிறது, ஆனால் உள்ளே ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கின்றனவா? கோப்பு கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது; புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால் சொந்தக் கோப்புகளை மட்டும் எடுத்த பேக்கப்பில் வந்திருக்காது. எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். கையோடு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துருக் கோப்பையும் பேக்கப்பில் சேருங்கள்.

ஜிப்பைப் பிரித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வந்தால், பழைய ஜிப் மென்பொருள் பெயர்களை யூனிகோடில் எழுதவில்லை. உள்ளே இருக்கும் கோப்புகள் நன்றாகவே இருக்கும், பெயர் மட்டும்தான் போனது. இனிமேல் 7-ஜிப் மாதிரி ஒன்றில் சுருக்குங்கள்.

கணினியின் டிஸ்க்கே தடுமாறுகிறது

இங்கே வரிசை முக்கியம்.

1. புதிதாக எதையும் அந்த டிஸ்க்கில் எழுத வேண்டாம். அப்டேட், நிறுவல், 'செக்டிஸ்க்' எதுவும் இப்போது வேண்டாம். செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவி. சாகிற டிஸ்க்கை அது ஓட ஓட விரட்டும்.

2. ஈடுசெய்ய முடியாதவற்றை முதலில் எடுங்கள். சொந்தப் புகைப்படம், எழுத்து, கணக்கு. இறக்கிய படங்களும் மென்பொருள்களும் கடைசி.

3. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்களைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு), நிலுவையில் உள்ள செக்டர், இவை பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் காலம் முடிகிறது. தகவல் போகும் வழியில் கெட்டதைக் காட்டும் சி.ஆர்.சி. பிழை மட்டும் ஏறினால் கேபிளைச் சந்தேகியுங்கள், டிஸ்க் பிழைக்கலாம்.

4. காப்பி அடிக்கடி நின்றால், லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவியை ஓட்டுங்கள். படிக்க முடிந்த இடங்களை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, அடம் பிடிப்பதற்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு குறிப்புக் கோப்பும் எழுதும். நடுவில் அணைந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

டிஸ்க்குக்குள் உரசுகிற சத்தம் வந்தால் இவை எதுவும் வேண்டாம், அணைத்து வையுங்கள். எஸ்.எஸ்.டி.யில் தவறி அழித்தவற்றை மீட்பு மென்பொருள் கொண்டு எடுக்கும் நம்பிக்கையும் குறைவு. 'ட்ரிம்' வசதி அழித்த இடத்தை டிஸ்க்கிடம் சொல்லிவிடும், டிஸ்க் அதைத் துடைத்துவிடும்.

திறக்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது

மாதம் ஒரு முறை மூன்று கோப்பு: இருப்பதிலேயே பழையது ஒன்று, நேற்று மாற்றியது ஒன்று, இருப்பதிலேயே பெரியது ஒன்று. மூலத்தின் மேல் எழுதிவிடாமல் தனி ஃபோல்டரில் மீட்டெடுங்கள். வேறு கணினி கிடைத்தால் அங்கே திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் சேமித்து வைத்த கடவுச்சொல் தானாக நுழைந்துகொண்டு உங்களை ஏமாற்றுவது அங்கே நடக்காது. பெரிய கோப்புக்கு ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிடலாம். வீடியோவின் முதல் நிமிடம் ஓடுவது முழுதும் ஓடும் என்பதற்குச் சாட்சியாகாது.

புதிய கணினி வாங்கியாயிற்று, பேக்கப் டிஸ்க் கையில்

செருகிவிடாதீர்கள். பழைய கணினி போய்விட்டது என்றால் இந்த நிமிடம் உலகத்தில் உங்கள் கோப்புகள் இருப்பது இந்த ஒரே டிஸ்க்கில்.

பழைய அமைப்புகளைக் கணக்கின் வழியாகக் கொண்டுவந்திருந்தாலோ, பேக்கப் நிரலைப் பழைய மாதிரியே நிறுவியிருந்தாலோ, டிஸ்க் செருகியதும் அது விழித்துக்கொள்ளும். புதிய கணினியில் டாகுமென்ட்ஸ் காலி. கண்ணாடி வகை நிரல் அந்தக் காலியைப் பார்த்து, பேக்கப்பையும் காலியாக்கும். அதனால் முதலில் தானியங்கி வேலைகளையும் சிங்க்கையும் நிறுத்துங்கள். பிறகு டிஸ்க்கைச் செருகி, அதை முழுதாக இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். காப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய டிஸ்க்கை 'எஜெக்ட்' கொடுத்து எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மீட்கும் வேலையை அந்தக் காப்பியிலிருந்து தொடங்குங்கள்.